கப்பலில் கை நனைத்தது

ஜூன் 8, ஞாயிறு

காலை: அவித்த முட்டை ஒன்று. மதியம்: தயிர், ஆறு ஸ்பூன். மாலை: கோழித்துண்டு, இரண்டு விரல் அகலம். தண்ணீர்: குறைவுதான், திட்டாதீர்கள்.

ஷர்மிளா மேடம், சொன்னபடி நோட்டைக் கொண்டுவந்துவிட்டேன். “என்ன சாப்பிட்டீங்க, எத்தனை ஸ்பூன், அப்ப மனசு எப்படி இருந்துச்சு, மூணையும் தினமும் எழுதணும்” என்றீர்கள். முதல் இரண்டும் சுலபம். மூன்றாவதை ஒழுங்காக எழுதினால் உங்களுக்கு வேறு நோயாளியைப் பார்க்க நேரம் இருக்காது. ஊருக்கு வந்ததும் நோட்டைக் காட்டுகிறேன். சில பக்கங்களைக் கிளிப் போட்டு மூடியிருப்பேன், அவற்றை மட்டும் திறக்காதீர்கள்.

சிங்கப்பூரில் கப்பல் ஏறியாயிற்று. பதினான்கு மாடி. பினாங்கு, புக்கெட் என்று சுற்றிக் காட்டிவிட்டு வெள்ளிக்கிழமை மறுபடி சிங்கப்பூரில் இறக்கிவிடுவார்கள். டிக்கெட் எடுத்துக் கொடுத்தது என் மகள் சௌமியாவும், அவள் கட்டிக்கொள்ளப்போகும் அகிலனும். இரண்டு பேருக்கும் சிங்கப்பூரில்தான் வேலை. ஆனால் அவர்கள் கூட வரவில்லை. “நீங்க நாலு பேரும் அஞ்சு நாள் ஒண்ணா இருந்து பழகுங்க. எறங்கறப்ப நிச்சயத் தேதியோட எறங்குங்க” என்று எங்களையும் அகிலனின் அப்பா அம்மாவையும் ஏற்றிவிட்டார்கள். நடுக்கடலில் கோபித்துக்கொண்டு யாரும் எழுந்து போக முடியாதே. படித்த பிள்ளைகள் அல்லவா.

சம்பந்தி வீட்டார் பொள்ளாச்சிக்குப் பக்கம், தென்னந்தோப்புக்காரர்கள். சம்பந்தி பெயர் நாச்சிமுத்து. நல்ல கனமான உடம்பு, பேச்சு மட்டும் குறைவு. அவர் விட்ட பேச்சையும் சேர்த்துப் பேசுகிறவர் சம்பந்தியம்மாள் தெய்வாத்தாள். ஏறியதும் பின்னாலிருந்து அவருடைய குரல் கேட்டபோது கப்பல் சங்கு ஊதுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

அந்த அம்மாள் ஊரிலிருந்து ஒரு பெரிய சம்படம் நிறையக் கச்சாயம் சுட்டுக் கொண்டுவந்திருக்கிறார். அரிசிமாவும் வெல்லமும் நெய்யுமாக, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். இத்தனை சோதனையைத் தாண்டி அது எப்படிக் கப்பலுக்குள் வந்தது என்பது அந்த முருகனுக்கே வெளிச்சம். அறைக்குக் கூப்பிட்டு என் கையில் இரண்டை வைத்தார்.

“எங்கூட்டுப் பண்டமுங் சம்மந்தி. மொத மொதல்ல கை நனைச்சுப் போடுங்.”

மேடம், நீங்கள் மதுரைப்பக்கம் என்பதால் சொல்கிறேன். எங்கள் பக்கம் சம்பந்தம் பேசுகிற வீட்டில் காபித்தண்ணி குடிக்கலாம். ஆனால் மனசுக்குப் பிடித்து முடிவாகும் வரை சாப்பிடக் கூடாது. அந்த வீட்டுப் பண்டத்தில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பெண் பார்க்க வந்தபோது அவர்களும் எங்கள் வீட்டில் காபியோடுதான் எழுந்தார்கள்.

எனக்குச் சம்மதம்தான். நூறு தடவை சம்மதம். என் இரைப்பைக்குத்தான் சம்மதம் இல்லை. தை மாதத்தில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டு நேந்திரம்பழம் அளவுக்கு மிச்சம் வைத்திருக்கிறீர்களே, அதற்கு வெல்லம் என்றால் ஆகாது. பங்குனியில் ஒரு கல்யாண வீட்டில் அரை லட்டு தின்றுவிட்டு வேர்த்து விறுவிறுத்து, மணமேடைக்குப் பின்னால் அரைமணி நேரம் படுத்துக் கிடந்தது உங்களுக்குத்தான் தெரியும்.

“சாப்பாட்டுக்கு அப்பறம் திங்கறனுங்” என்று சொல்லி டிஷ்யூ காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லிவிடு என்கிறார் என் வீட்டுக்காரர். எப்படிச் சொல்வது? பெயர் பூங்கொடி, எடை நூற்றுப் பன்னிரண்டு என்று இருபது வருடமாகச் சிரித்த ஊர். இப்போது எண்பத்தொன்று. பித்தப்பையில் கல், அதற்கு ஆபரேஷன், அதனால் இளைத்துவிட்டேன் என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். நிஜம் தெரிந்தால், வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டவள் என்று பேசுவார்கள். அந்தப் பேச்சோடு என் மகள் ஒரு வீட்டுக்குள் போகக் கூடாது.

மனசு: நன்றாக இருக்கிறது. (கிளிப் போட வேண்டிய பக்கம்.)

ஜூன் 9, திங்கள்

காலை: முட்டை ஆம்லெட், பாதி. மதியம்: சுட்ட மீன், ஐந்து வாய். மாலை: பன்னீர், நான்கு துண்டு. தண்ணீர்: ஒன்றரை லிட்டர், சத்தியமாக.

இன்று முழுவதும் கடல். கரை எதுவும் கிடையாது. சாப்பாடு மட்டும் உண்டு.

பன்னிரண்டாவது மாடியில் ஒரு சாப்பாட்டுக் கூடம். ஒரு சுற்று பார்த்து வருவதற்கே கால் மணி நேரம் ஆனது, அதை நடைப்பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். போன வருடம் இந்தக் கப்பலில் ஏறியிருந்தால் நான் இறங்கியிருக்கவே மாட்டேன். இப்போது எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தேன். நாற்பது வகையில் எனக்கு வேண்டிய ஒன்றைத் தேடிப் பிடிப்பதில் ஒரு கௌரவம் இருக்கத்தான் செய்கிறது. கடைசியில் சுட்ட மீன். எலுமிச்சை பிழிந்து, நீங்கள் கொடுத்த குழந்தை ஸ்பூனால் (அந்த ரோஸ் நிறத்தை நீங்கள் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியும்) ஒரு வாய்க்கு முப்பது தடவை மென்று, அரைமணி நேரம் சாப்பிட்டேன். மேடம், மீனுக்குள் இத்தனை ருசி இருந்ததா? ஐம்பத்து மூன்று வருடமாக மீன் குழம்பைத்தான் சாப்பிட்டிருக்கிறேன், மீனைச் சாப்பிட்டதே இல்லை.

நிம்மதியாகச் சாப்பிட விட்டால்தானே.

“என்னுங் சம்மந்தி, கோழி கொத்தற மாதிரிக் கொத்தறீங்? போடுங், இன்னொண்ணு போடுங்!” என்று தெய்வாத்தாள் என் தட்டில் தோசை இரண்டு, பொங்கல் ஒரு கரண்டி, நூடுல்ஸ் ஒரு கைப்பிடி வைத்தார். அவர் காபி எடுக்க எழுந்த நேரத்தில் நானும் என் வீட்டுக்காரரும் தட்டு மாற்றிக்கொண்டோம். கோபியில் மோட்டார் பம்புக் கடை வைத்திருக்கிற மனிதர், தட்டு மாற்றுவதில் இவ்வளவு கை சுத்தம் என்று எனக்குத் தெரியாது. ஐந்து மாதமாக வெளியே போகிற இடத்தில் எல்லாம் என் பங்கையும் அவர்தான் சாப்பிடுகிறார். ஊரிலிருந்து போட்டு வந்த பேண்ட்டின் கொக்கி இன்று காலை தெறித்துவிட்டது. வயதாகிவிட்டது, வாயைக் கட்டத் தெரியவில்லை என்று திட்டினேன். ஊக்கு குத்திக்கொண்டார்.

சம்பந்தி நாச்சிமுத்துவைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பிடும்போது என் தட்டையே பார்க்கிறார். நான் மெல்லுவதை எண்ணுகிறார் என்று நினைக்கிறேன். மதியம் திடீரென்று, “அது போதுமாங்?” என்று கேட்டார். “போதுமுங்” என்றேன். “பசிக்காதுங்களா?” என்றார். இந்த மனிதருக்கு என் பசியோடு என்ன வேலை?

கச்சாயம் இன்றும் வந்தது. காலையில் மூன்று, மாலையில் மூன்று. நேற்றோடு சேர்த்து எட்டு. வீட்டுக்காரர் மூன்றைத் தின்றுவிட்டு, “ஏம்புள்ள, இதுக்கு மேல முடியாது” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்கு இனிப்பு எப்போதுமே பிடிக்காது. மிச்சம் ஐந்தும் கைப்பையில். தின்பண்டத்தைக் குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை.

மனசு: மீன் சாப்பிடும்போது சந்தோஷம். மற்ற நேரம் திருடி மாதிரி.

ஜூன் 10, செவ்வாய், பினாங்கு

மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மன்னிக்கவும்.

கரையில் இறங்கும் இடத்தில் நீளமான வரிசை. தோசைக்கல் மாதிரி வெயில். எனக்கு முன்னால் வீட்டுக்காரர், பின்னால் சம்பந்தியம்மாள். ஒரு அதிகாரி அம்மாள் சின்ன நாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். காது தொங்கிய சாதுவான நாய். என்னைச் சுற்றி ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு என் கைப்பைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டது. நகரவே இல்லை. நாய்க்கு என்னைப் பிடித்துவிட்டது என்று நான் சிரித்தேன், மேடம். சிரித்தேன்!

கப்பலிலிருந்து சாப்பாட்டுப் பொருளை வெளியே கொண்டுபோகக் கூடாதாம். கைப்பையைத் திறந்து ஒரு மேசைமேல் வைத்தார்கள். ஒரு பொட்டலம். இரண்டு. மூன்று. அதிகாரி அம்மாள் ஒவ்வொன்றாகப் பிரித்து வரிசையாக அடுக்கினார். ஐந்து கச்சாயம். ஒன்றில்கூடக் கடித்த தடம் இல்லை.

“வீட்டில் செய்ததா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பின்னால் இருந்து தெய்வாத்தாள்தான் பதில் சொன்னார். அந்தப் பெரிய குரல் அப்போது சின்னதாக இருந்தது.

“ஆமாங். எங்கூட்டுல செஞ்சதுதானுங்.”

தமிழிலேயே சொன்னார். அதிகாரி அம்மாளுக்கு என்ன புரிந்ததோ, தலையாட்டிவிட்டு ஐந்தையும் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டார். தெய்வாத்தாள் அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலைவலி என்று கப்பலுக்குத் திரும்பிவிட்டார்.

சாயங்காலம் சாப்பாட்டுக்கும் வரவில்லை. நாச்சிமுத்து மட்டும் வந்து என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம்: “நிச்சயத் தேதிய ஊருக்குப் போயிப் பேசிக்கலாமுங்.”

ஊருக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றால் எங்கள் பக்கம் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம்.

ஜூன் 11, புதன், புக்கெட்

முட்டை ஒன்று. தயிர், நான்கு ஸ்பூன். மனசு: கிளிப்.

அதே நாள், மதியம்

யாரும் கரையில் இறங்கவில்லை. சௌமியா போன் செய்தாள்.

“அம்மா, அகிலனோட அம்மா போன்ல அழுதாங்களாம். உனக்கு அவங்களப் பிடிக்கலையா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல பாப்பா.”

“அப்பறம் ஏம்மா ஆபரேஷன மறைச்சு வெச்சிருக்க? எனக்காகச் சொல்லிரும்மா. இல்லாட்டி சாப்புட்டுரு. ஏதாவது ஒண்ணு பண்ணு.”

நான்கு வருடமாக அவனுக்காகக் காத்திருக்கிற பெண். இதுவரை என்னிடம் எதையும் கேட்டதில்லை. போனை வைத்த பிறகு அரைமணி நேரம் யோசித்தேன். சொல்வதற்குத் தைரியம் வரவில்லை. சாப்பிடுவதற்கு வந்தது. இன்று மாலை அவர்கள் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுவிடப் போகிறேன். ஒரு தடவைதானே. திட்டுவீர்கள், தெரியும்.

ஜூன் 12, வியாழன்

காலை: கஞ்சித்தண்ணி. மதியம்: கீழே எழுதுகிறேன், பெரிய கதை.

நேற்றுச் சாயங்காலம் அவர்கள் அறைக்கு நானே போனேன். வீட்டுக்காரர் தடுத்தும் கேட்கவில்லை. “சம்மந்தி, கச்சாயம் இருக்குதுங்களா?” என்று கேட்டேன். தெய்வாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டே சம்படத்தை நகர்த்தினார். ஒன்று தின்றேன். இரண்டாவதையும் தின்றேன். மேடம், உண்மையை எழுதத்தானே சொன்னீர்கள், அமிர்தம் மாதிரி இருந்தது. மூன்றாவதில் பாதியோடு தொண்டை அடைத்தது. “நல்லா இருக்குதுங்” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் முகம் லேசாக மலர ஆரம்பித்தது.

கால் மணி நேரத்தில் ஆரம்பித்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. தலையிலிருந்து வேர்வை கொட்டி ஜாக்கெட் நனைந்துவிட்டது. எழுந்து நிற்கப் பார்த்தேன், கால் நிற்கவில்லை. அவர்களுடைய கட்டிலிலேயே சாய்ந்துவிட்டேன்.

“அய்யோ, என்ற கச்சாயத்துக்கு என்னாச்சு! ஏனுங், டாக்டரக் கூப்புடுங்!” என்று தெய்வாத்தாள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறை வெள்ளைக்காரர் ஓடி வந்துவிட்டார். ஒரு கை விசிறுகிறது, ஒரு கை திருநீறு பூசுகிறது. எனக்கோ சிரிப்பும் வருகிறது, வாந்தியும் வருகிறது.

என் வீட்டுக்காரர்தான் போட்டு உடைத்தார். “கச்சாயத்து மேல தப்பு இல்லீங். இவ வயித்த வெட்டிச் சின்னதாக்கிட்டோமுங். இனிப்பு ஆகாது. ஒங்க மனசு கோணக் கூடாதுன்னு தின்னுருக்கறா.”

நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். இனி என்ன வேண்டுமானாலும் பேசட்டும் என்று படுத்திருந்தேன்.

“சொல்லித் தொலைச்சா என்னுங்?” என்று தெய்வாத்தாள் கத்தினார். “நாலு முட்டைய அவிச்சுக் கொண்டாந்திருக்க மாட்டனா? ஆம்பளைங்க எங்க வேணாலும் திம்பாங்க. பொண்ணப் பெத்தவ தின்னாத்தானுங் எங்களுக்குக் கணக்கு! நீங்க திங்காம ஒளிச்சு வெச்சதப் பாத்து, எங்க குடும்பத்துல என்ன கொற கண்டாங்களோன்னு ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கலீங்.”

கத்திவிட்டு என் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். வெள்ளைக்காரர் போய்விட்டார்.

அப்போது நாச்சிமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இந்த நான்கு நாளில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

“எனக்கும் இதையேதானுங் பண்ணச் சொல்றாங்க. சர்க்கர ஏறிப்போச்சு, ஒடம்பக் கொறைக்காட்டித் தாங்காதுன்னு மாசியிலயே டாக்டர் சொல்லிட்டாருங். இவதான் வேண்டாங்கறா. எனக்கும் பயமுங். சாப்பாடே இல்லாம என்ன பொழப்புன்னு. ஆனா மூணு நாளா ஒங்க தட்டத்தப் பாத்துட்டிருக்கறனுங். இதே ஆபரேசனா இருக்குமோன்னு திங்கக்கெழமையே எனக்குப் பட்டுது, கேக்கத்தான் கூச்சம். நாலு வாய்தான் சாப்புடறீங். அந்த மீன நீங்க சாப்புட்ட மாதிரி இந்த அம்பத்தெட்டு வருசத்துல நான் ஒரு வாய் சாப்புட்டதில்லீங்.”

மேடம், என்னைப் பார்த்து இந்த ஐந்து மாதத்தில் யாரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் எனக்குச் சொல்லிக்கொண்டதில்லை. வெட்கப்பட வேண்டிய காரியம் ஒன்றைச் செய்துவிட்டேன் என்றுதான் ஒளித்துக்கொண்டு திரிந்தேன்.

தெய்வாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “சாப்பாடு வேண்டாங்கற மனுசனுக்கு நான் காலையில எந்திரிச்சு என்னுங் பண்றது? முப்பது வருசமா அவருக்குப் போடறதுதானுங் எனக்கு வேல. அப்ப என்னதான் சாப்புடறீங், எவ்வளவு சாப்புடறீங்?”

பெருமையாக இந்த நோட்டை எடுத்து நீட்டினேன். எல்லாம் இதில் இருக்கிறது, படித்துப் பாருங்கள் என்றேன். அறைக்குத் திரும்பிப் படுத்த பிறகுதான் அவர் குரலைக் கப்பல் சங்கு என்று எழுதியது ஞாபகம் வந்தது. கிளிப் போடவே மறந்திருந்தேன். எனக்கு மறுபடியும் வேர்த்தது. இந்தத் தடவை வெல்லத்தால் இல்லை.

இன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனால் தெய்வாத்தாள் முன்னாலேயே வந்து மேசை பிடித்து வைத்திருந்தார். இந்தியச் சமையல் பகுதியில் தேனிக்காரர் ஒருவர் இருக்கிறாராம். அவரைப் பிடித்து, அடுப்புக்கு இந்தப்பக்கம் நின்றுகொண்டு கையைக் காலை ஆட்டி உத்தரவு போட்டு, பச்சைப்பயிறு கடைசல் செய்ய வைத்திருக்கிறார். ஒரு பெரிய தட்டு நடுவில் ஒரு ஸ்பூன் கடைசல். பக்கத்தில் அவித்த முட்டை பாதி.

“புரோட்டீன் மொதல்லன்னு நோட்டு அட்டையில போட்டிருக்குதுங்களே” என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். நோட்டைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். சங்கைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

ரோஸ் ஸ்பூனை எடுக்காமல் கையாலேயே தொட்டுச் சாப்பிட்டேன். சீரகமும் சின்ன வெங்காயமும் கிள்ளிப்போட்ட மிளகாயும் தனித்தனியாகத் தெரிந்தன. எனக்கு எதிரே நாச்சிமுத்துவும் ஒரு வாயை வாயில் போட்டு முப்பது வரை எண்ணினார். பதினெட்டில் விழுங்கிவிட்டார். பரவாயில்லை, நானும் முதல் வாரம் பன்னிரண்டைத் தாண்டவில்லை.

என் வீட்டுக்காரர் இன்று அவர் தட்டில் இருந்ததை மட்டும் சாப்பிட்டார். ஐந்து மாதத்துக்குப் பிறகு. அவரைத் திட்டியதை எல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று இதில் எழுதி வைக்கிறேன். நேரில் சொன்னால் தலைக்கு ஏறிவிடும்.

மனசு: கிளிப் வேண்டாம். திறந்தே இருக்கட்டும்.

ஜூன் 13, வெள்ளி, சிங்கப்பூர்

காலையில் இறங்க வேண்டும், பெட்டி கட்டுகிற அவசரம். இன்றைக்கு எழுத வேண்டியதைத் தானே எழுதித் தருவதாகச் சம்பந்தியம்மாள் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார். இனி வருவது அவர் கையெழுத்து.

வணக்கமுங் டாக்டரம்மா. நான் அகிலனோட அம்மா தெய்வாத்தாள் எழுதறனுங்.

காலை: முட்ட ஒண்ணு, பயிறு கடைசல் மூணு ஸ்பூன். நான்தான் போட்டனுங். நாலாவதுக்கு சம்மந்தி கைய நீட்டி மறைச்சு, போதும்னாங்க. கரண்டி என்ற கையிலதான் இருந்துது. நான் போடலீங். என்ற ஆயுசுல ஒருத்தர் போதும்னு சொல்லி நான் போடாம விட்டது இதுதான் மொத தடவ.

நிச்சயம் ஆவணி பன்னெண்டு. பந்தியில சம்மந்திக்குச் சின்ன எல போடச் சொல்லிட்டனுங். யாராச்சும் ஏன்னு கேட்டா நான் பாத்துக்கறன்.

இந்த நோட்டுல என்ற கொரல் கப்பல் சங்கு மாதிரின்னு எழுதியிருக்குது. படிச்சனுங். காலையில மறுக்காச் சங்கு ஊதுச்சு, காது குடுத்துக் கேட்டுப் பாத்தன். அதுக்கு என்ற அளவுக்குக் கொரல் பத்தாதுங்.

மனசு: ரெண்டு பேருக்கும் நல்லா இருக்குது.

டாக்டரம்மா, எங்கூட்டுக்காரருக்கும் இதே மாதிரி ஒரு நோட்டு எடுத்து வையுங். ஸ்பூனு ரோஸ் கலர் வேண்டாமுங்.